யார் பெயருக்குப் பக்கத்தில் யார்?

நியூயார்க் நகரின் செப்டம்பர் 11 அருங்காட்சியகத்தில் உடைந்த கருங்கல் துண்டு ஒன்று இருக்கிறது. அதில் ‘ஜான்’ என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 2001-ல் இறந்தவரின் பெயரல்ல அது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1993 பிப்ரவரி 26 அன்று, அதே உலக வர்த்தக மையத்தின் கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் வெடிகுண்டு ஏற்றிய வேன் வெடித்து ஆறு பேர் செத்தார்கள். சிற்பி எலின் சிம்மர்மன் அவர்கள் நினைவாகக் கருங்கல்லில் நீரூற்று ஒன்றை வடித்து, ஆறு பெயர்களையும் பொறித்தார். 1995-ல் கோபுரங்களுக்கு நடுவே இருந்த திறந்தவெளியில் அது திறக்கப்பட்டது. 2001 செப்டம்பர் 11 அன்று அதே கோபுரங்கள் அந்த நீரூற்றின் மேல் சரிந்தன. முதல் தாக்குதலுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை இரண்டாவது தாக்குதல் நொறுக்கிவிட்டது. இடிபாடுகளை அள்ளியபோது கிடைத்தது அந்த ஒரு துண்டுதான்.

2026 செப்டம்பரோடு இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குக் கால் நூற்றாண்டு நிறைகிறது. இத்தனை ஆண்டுகளில் நியூயார்க் தன் இறந்தவர்களுக்கு என்ன செய்தது என்று பார்த்தால், பெரும்பகுதி பெயர்களோடு நடத்திய மல்லுக்கட்டுதான். மலர்வளையம், உரை, மௌனம் எல்லாம் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். யாருடைய பெயரை எழுதுவது, எந்த வரிசையில் எழுதுவது, யாருக்குப் பக்கத்தில் எழுதுவது, யாரை விட்டுவிட்டோம் என்ற கேள்விகள் முடியவில்லை.

அன்றைய நிகழ்வுகளை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. அல் காய்தாவைச் சேர்ந்த 19 பேர் நான்கு விமானங்களைக் கடத்தினார்கள். காலை 8.46-க்கு வடக்குக் கோபுரத்திலும் 9.03-க்குத் தெற்குக் கோபுரத்திலும் விமானங்கள் மோதின. மூன்றாவது விமானம் வாஷிங்டன் அருகே பென்டகனில் மோதியது. பயணிகள் எதிர்த்துப் போராடிய நான்காவது விமானம் பென்சில்வேனியாவில் ஷாங்ஸ்வில் அருகே வயல்வெளியில் விழுந்தது. 10.28-க்கெல்லாம் இரண்டு கோபுரங்களும் தரைமட்டம். இறந்தவர்கள் 2,977 பேர். அதில் நியூயார்க்கில் மட்டும் 2,753. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியர்களும் அவர்களில் உண்டு.

சுவரெங்கும் முகங்கள்

முதல் அஞ்சலியை யாரும் அஞ்சலி என்று நினைத்துச் செய்யவில்லை. ‘காணவில்லை’ என்ற சுவரொட்டிகள்தான் அவை. கல்யாண வீட்டில் எடுத்த படம், கடற்கரையில் எடுத்த படம், உயரம், எடை, மச்சம், மோதிரம், எந்தக் கோபுரம், எந்த மாடி, யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரங்கள். பெல்வியூ மருத்துவமனைச் சுவரில், பேருந்து நிறுத்தங்களில், யூனியன் சதுக்கத்தில் என்று நகரமெங்கும் அவை ஒட்டப்பட்டன. செயின்ட் வின்சென்ட் மருத்துவமனை வாசலில் டாக்டர்களும் நர்சுகளும் ஸ்ட்ரெச்சர்களை வரிசையாக நிறுத்திக் காத்திருந்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஒன்று, தப்பித்து நடந்து வெளியேறியிருந்தார்கள், இல்லையென்றால் இறந்திருந்தார்கள். சில நாள்களில் சுவரொட்டிகளின் அடியில் மெழுகுவத்திகள் முளைத்தன. தேடலுக்காக ஒட்டிய தாள், யாரும் சொல்லாமலே இரங்கல் தாளாகிப்போனது.

அந்தத் தாள்களில் இருந்த தொலைபேசி எண்களைத்தான் ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர்கள் முதலில் கூப்பிட்டார்கள். ‘போர்ட்ரெய்ட்ஸ் ஆஃப் க்ரீஃப்’ என்ற தலைப்பில் நாள்தோறும் சின்னச் சின்ன வாழ்க்கைச் சித்திரங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 வார்த்தை. மேலாளருக்கும் பாத்திரம் கழுவியவருக்கும் அதே இடம்தான். படித்த படிப்பையும் வகித்த பதவியையும் பட்டியலிடுவதை விட்டு, அந்த மனிதரின் பழக்கம் ஒன்று, ஆசை ஒன்று, வீட்டார் சிரித்துக்கொண்டே சொன்ன சம்பவம் ஒன்று என்று எழுதினார்கள். 2001 முடிவதற்குள் 1,800 பேருக்கு மேல் எழுதிவிட்டார்கள். செத்தவர்கள் எல்லோருமே தங்கமானவர்களாக இருக்கிறார்களே என்று விமர்சகர்கள் குறைசொன்னதும் உண்டு. அது நியாயமான குறைதான். ஆனாலும் ஆயிரக்கணக்கில் செத்த செய்தியை ஒவ்வொருவராகப் படிக்கவைத்த பத்திரிகை வேலை அதற்கு முன் அந்த அளவில் நடந்ததில்லை.

அகரவரிசை வேண்டாம்

2003-ல் நினைவிட வடிவமைப்புக்குப் போட்டி அறிவித்தார்கள். 63 நாடுகளிலிருந்து 5,201 வடிவங்கள் வந்து குவிந்தன. வென்றவர் மைக்கேல் அராட்; வயது 34, நகரின் வீட்டுவசதித் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டடக் கலைஞர். கோபுரங்கள் நின்ற அதே இரண்டு சதுரங்களைப் பள்ளமாக விட்டு, நான்கு பக்கமும் தண்ணீர் உள்ளே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தப் பள்ளம் ஒருபோதும் நிறையக் கூடாது என்பது அவர் திட்டம். நிலவடிவமைப்பாளர் பீட்டர் வாக்கர் சுற்றிலும் மரங்களைச் சேர்த்தார். சண்டை வந்தது தண்ணீரிலும் அல்ல, மரத்திலும் அல்ல. பெயர்களில்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் பெயர்களைக் கலைத்துப் போட வேண்டும் என்றார் அராட். சாவு ஆள் பார்த்து வரவில்லை. வரிசை எதற்கு என்பது அவர் கேள்வி. குடும்பங்கள் கொதித்தன. ஒன்றாக வேலை பார்த்து ஒன்றாகச் செத்தவர்களைப் பிரிப்பீர்களா? தீயணைப்புத் துறையில் அன்று 343 பேர் இறந்திருந்தார்கள். அவர்களைத் தனியாகவும், பதவியோடும் எழுத வேண்டும் என்று சங்கத்தார் நின்றார்கள். வடக்குக் கோபுரத்தின் உச்சி மாடிகளில் இருந்த கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் நிறுவனம் மட்டும் 658 ஊழியர்களை இழந்திருந்தது. நிறுவனப் பெயரும் மாடி எண்ணும் வேண்டும் என்றார்கள் அவர்களின் வீட்டார். சீருடை போட்டவர் உயிர் உசத்தி, கணக்கு எழுதியவர் உயிர் மட்டமா என்று இன்னொரு பக்கம் கேள்வி. அகரவரிசையில் எழுதினால் ஒரே பெயர் கொண்டவர்கள் அடுத்தடுத்து வந்து, யார் மகன் எவர் என்று தெரியாமல் போகும்.

இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2006 இறுதியில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் சமரசம் ஒன்றை அறிவித்தார்; எல்லோருக்கும் இது பிடிக்காது என்று தெரிந்தே செய்த சமரசம். பெயர்கள் ஒன்பது தொகுதிகளாகும்: இரண்டு கோபுரங்கள், நான்கு விமானங்கள், பென்டகன், மீட்புப் பணிக்குப் போனவர்கள், 1993-ன் ஆறு பேர். பதவி கிடையாது, வயது கிடையாது, நிறுவனப் பெயரும் கிடையாது. தீயணைப்பு வீரர்களை அவரவர் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எழுதலாம். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் யார் பக்கத்தில் யார் வர வேண்டும் என்பதைக் குடும்பங்களே சொல்லட்டும்.

2009-ல் வீடுகளுக்குக் கடிதம் போனது. 1,200-க்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்து சேர்ந்தன. அண்ணன் தம்பி, கணவன் மனைவி என்பதெல்லாம் எதிர்பார்த்ததுதான். அதைத் தாண்டியும் வந்தன. ஒரு பெண்ணின் அப்பா முதல் விமானத்தில் இருந்தார். அவளுடைய உயிர்த்தோழி, அந்த விமானம் மோதிய கோபுரத்தில் இருந்தாள். இரண்டு பெயரும் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று கேட்டாள் அவள். வேறு வேறு நிறுவனங்களில் வேலை பார்த்த, அன்றைக்குக் காலைவரை முகம்கூடப் பார்த்திராத இருவர் கதை இன்னொன்று. படியிறங்க முடியாமல் களைத்து உட்கார்ந்துவிட்ட ஒருவரை மற்றவர் விட்டுப்போக மறுத்தார், இருவரும் இறந்தார்கள். அவர்கள் பெயர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன.

இது கேட்க எளிது, செய்து பார்த்தால் தலைசுற்றும் வேலை. ஒருவர் பெயர் இவருக்குப் பக்கத்தில் வர வேண்டும், இவர் பெயர் அவருக்குப் பக்கத்தில், அவரோ வேறு தொகுதி. பெயரின் நீளம் ஒன்றுபோல் இல்லை; பலகையின் அகலம் மாறாது; ஒரு பெயரும் மூட்டில் உடையக் கூடாது. ஜெர் தார்ப் என்ற தரவுக் கலைஞர் இதற்கென்றே கணினி நிரல் எழுதினார். அது கொடுத்த வரிசையை அராட்டின் அலுவலகத்தார் மறுபடி கையால் மாற்றி மாற்றிச் சரிசெய்தார்கள்.

விளைவைப் போய்ப் பார்த்தால் வரிசையே இல்லாதது போலத்தான் தெரியும். இரண்டு பள்ளங்களைச் சுற்றியும் வெண்கலப் பலகைகள். அவற்றைத் துளைத்து வெட்டிய 2,983 பெயர்கள். இரவில் அடியிலிருந்து வெளிச்சம். கருவுற்றிருந்த பெண்களின் பெயரோடு, பிறக்காத குழந்தையும் என்று சேர்த்திருக்கிறார்கள். கோடையில் கை சுடாமல், பனிக்காலத்தில் விறைக்காமல் இருக்க வெண்கலத்தின் வெப்பத்தையும் சீராக வைத்திருக்கிறார்கள். பெயரைத் தடவிப் பார்க்க வருகிறவர்கள்தான் அங்கே அதிகம் என்பதை வடிவமைத்தவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். இறந்தவரின் பிறந்தநாளில் அவர் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைக்கிறார்கள். அந்த வெண்கலப் பலகைகளில் இருக்கும் உறவுகளை வழிப்போக்கர் யாரும் கண்டுபிடிக்க முடியாது. உரியவர்களுக்கு மட்டும் தெரியும். பொது நினைவிடம் ஒன்றில் இவ்வளவு அந்தரங்கம் சாத்தியமானது பெரிய சாதனை.

எஸ்-66

ஆனால் அந்தச் சாதனையிலும் ஒரு முள் இருக்கிறது. தெற்குப் பள்ளத்தில் எஸ்-66 என்ற பலகையில் முகமது சல்மான் ஹம்தானி என்ற பெயர் இருக்கிறது. கராச்சியில் பிறந்து நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வளர்ந்தவர், வயது 23. அவசர மருத்துவ உதவிப் பயிற்சி பெற்றவர். நியூயார்க் போலீஸில் கேடட்டாகவும் இருந்தார். அன்று காலை வேலைக்குக் கிளம்பியவர் எரியும் கோபுரங்களைப் பார்த்து உதவப் போனார். திரும்பவில்லை. காணாமல்போன முஸ்லிம் இளைஞன் என்பதாலேயே சந்தேகம் அவர்மீது விழுந்தது. போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்தது. மகன் எங்கேயாவது ஒளிந்திருக்கிறானா என்ற தொனியில் பத்திரிகையில் செய்தியும் வந்தது. விந்தை என்னவென்றால், அதே 2001 அக்டோபரில் நிறைவேறிய ‘பேட்ரியாட்’ சட்டத்தின் வாசகத்திலேயே அவர் தீரராகக் குறிப்பிடப்பட்டிருக்கிறார். யாரை வேண்டுமானாலும் கண்காணிக்க அரசுக்கு வழிவிட்ட சட்டம் அது.

2002 மார்ச்சில் இடிபாடுகளிலிருந்து எடுத்த உடல் எச்சங்கள் அவருடையவை என்று உறுதியானது. போலீஸ் மரியாதையுடன் அடக்கம் நடந்தது. மேயரும் கமிஷனரும் வந்து அவரை வீரர் என்றார்கள். நினைவிடம் திறந்தபோது மீட்புப் பணியாளர் வரிசையில் அவர் பெயர் இல்லை. எந்த நிறுவனத்தோடும் பிரிவோடும் சேராதவர்களுக்கான கடைசிப் பலகையில் இருந்தது. கேடட் என்பவர் முழுநேரக் காவலர் அல்லர், பணியின்போது இறந்தவர் பட்டியலில் அவர் இல்லை என்பது சொல்லப்பட்ட விளக்கம். மகனை உரிய இடத்தில் சேருங்கள் என்று அவருடைய தாய் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தார். குவீன்ஸில் அவர் வாழ்ந்த பகுதித் தெரு ஒன்றுக்கு 2014-ல் அவர் பெயர் சூட்டினார்கள். பலகை மாறவில்லை. பதவியையே எழுத மாட்டோம் என்று முடிவெடுத்த நினைவிடத்தில், பதவி இல்லாததால் ஒருவர் வெளியே நிற்கிறார் என்பது எந்த விளக்கத்திலும் அடங்காத முரண்.

நகரத்துக்கு வெளியே இதைவிட மோசமும் நடந்தது. தாக்குதல் நடந்த நான்காம் நாள், அரிசோனாவின் மேசா ஊரில் பெட்ரோல் பங்க் நடத்திவந்த பல்பீர் சிங் சோதியை, தலைப்பாகையைப் பார்த்து ஒருவன் சுட்டுக் கொன்றான். அரிசோனா மாநில நினைவிடத்தில் அவர் பெயரும் இடம்பெற்றது. 2011-ல் அதை நீக்கச் சொல்லிச் சட்டமன்றம் மசோதாவே நிறைவேற்றியது. ஆளுநர் ஜான் ப்ரூவர் கையெழுத்திட மறுத்ததால்தான் பெயர் தப்பியது.

வடக்குக் கோபுரத்தின் 106, 107-வது மாடிகளில் ‘விண்டோஸ் ஆன் தி வேர்ல்ட்’ உணவகம் இருந்தது. அங்கே 70-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் இறந்தார்கள். சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், பலர் குடியேறிகள். அந்தக் கட்டடங்களிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆவணமில்லாமல் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களின் நிலைமை இன்னும் சிக்கல். இங்கே என் மகன் வேலை பார்த்தான் என்று நிரூபிக்கச் சம்பள ரசீது இல்லை. அதிகாரியிடம் போகப் பயம். உயிர் தப்பிய உணவக ஊழியர்கள் வேலையிழந்து நின்றபோது, அவர்களில் ஒருவரான ஃபெக்காக் மம்தூவும், இந்திய வம்சாவளி வழக்கறிஞர் சாரு ஜெயராமனும் சேர்ந்து 2002-ல் உணவகத் தொழிலாளர்களுக்கான அமைப்பைத் தொடங்கினார்கள். 2006-ல் தொழிலாளர்களே பங்குதாரர்களாக ‘கலர்ஸ்’ என்ற உணவகத்தைத் திறந்தார்கள். இறந்த சகாக்களுக்குச் செய்த மரியாதைகளில் அதிகம் பேசப்படாதது இது.

முடியாத ஆய்வு

பலகையில் பெயர் இருக்கிறது, புதைக்க உடல் இல்லை. நியூயார்க்கில் இறந்த 2,753 பேரில் சுமார் 1,100 பேரின் எச்சம் எதுவும் இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. நூற்றுக்கு நாற்பது பேர். மீட்கப்பட்ட உடல் துணுக்குகளோ ஏறக்குறைய 22,000. தீ, விமான எரிபொருள், தண்ணீர், பாக்டீரியா எல்லாம் சேர்ந்து மரபணுவைச் சிதைத்துவிட்டன. நகரின் மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் ஒவ்வொரு புதுத் தொழில்நுட்பம் வரும்போதும் பழைய எலும்புத் துணுக்குகளை மறுபடி பரிசோதிக்கிறது. 2025 ஆகஸ்டில் மேலும் மூன்று பேர் அடையாளம் காணப்பட்டார்கள், மொத்தம் 1,653. இனி எதுவும் கிடைத்தால் எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட குடும்பங்களும் இருக்கின்றன. ஒரு தடவை அடக்கம் செய்தாயிற்று. ஒவ்வொரு துணுக்காக மறுபடி மறுபடி அடக்கம் செய்ய எல்லோராலும் முடியாது.

எச்சங்களை எங்கே வைப்பது என்பதிலும் தகராறு. இடிபாடுகளை ஸ்டேட்டன் தீவில் ஃப்ரெஷ் கில்ஸ் குப்பை மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்தார்கள். சலித்த மண்ணிலும் எங்கள் பிள்ளைகளின் சாம்பல் இருக்கிறது, குப்பை மேட்டில் விடாதீர்கள் என்று சில குடும்பங்கள் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றன. 2014 மே மாதம், அடையாளம் தெரியாத எச்சங்களை அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில், தரைமட்டத்துக்குச் சுமார் 70 அடி கீழே, தனி அறைக்கு மாற்றினார்கள். அந்த அறைக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் டிக்கெட் விற்கும் கட்டடத்துக்கு அடியிலா என்று வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள் சில குடும்பத்தார். அப்போது நுழைவுக் கட்டணம் 24 டாலர். நினைவுப் பொருள் கடையில் அமெரிக்க வரைபட வடிவத்தில் சீஸ் தட்டு ஒன்று விற்பனைக்கு இருந்தது. கண்டனம் கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். அந்தத் தட்டை வாங்கி வைத்தவர் யாரோ, அவருக்கு அந்த இடம் எது என்பதே உறைத்திருக்காது.

ஆண்டு நிகழ்ச்சி 2002 முதல் நடக்கிறது. மணி அடித்து ஆறு தடவை மௌனம். இடையில் எல்லாப் பெயர்களையும் வாசிக்கிறார்கள். முடிய ஏறத்தாழ நான்கு மணி நேரம். 2012 முதல் அரசியல்வாதிகள் வரலாம், நிற்கலாம், பேசக் கூடாது. (நம் ஊர் அஞ்சலிக் கூட்டங்களுக்கு இந்த ஒரு விதியை மட்டுமாவது கடன் வாங்கலாம்.) வாசிப்பவர்கள் குடும்பத்தார் மட்டும், தாத்தாவைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைகளும் இப்போது வாசிக்கிறார்கள். 2020-ல் கொரோனாவால் பதிவுசெய்த குரலை ஒலிபரப்பினார்கள். அது போதாது என்று வேறொரு அமைப்பு சற்றுத் தள்ளி நேரில் வாசிக்க ஏற்பாடு செய்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 11 இரவில் 88 விளக்குகள் வானத்தில் இரண்டு ஒளித்தூண்களை எழுப்பும். வலசை போகும் பறவைகள் அதில் சிக்கிச் சுற்றுவதால், ஆயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டால் விளக்கை 20 நிமிடம் அணைத்து வழிவிடுகிறார்கள்.

பலகைக்கு வராதவர்கள்

பெயர்களில் ஏற்றத்தாழ்வு வேண்டாம் என்றவர்கள் பணத்தில் அந்தச் சமத்துவத்தைக் காட்டவில்லை. முதல் இழப்பீட்டு நிதி, இறந்தவர் உயிரோடு இருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு இரண்டரை லட்சம் டாலர், இன்னொன்றுக்கு 70 லட்சத்துக்கும் மேல். நிதியை நிர்வகித்த கென்னத் ஃபைன்பெர்கே, எல்லோருக்கும் ஒரே தொகை கொடுத்திருக்க வேண்டும் என்று பின்னால் எழுதினார். ஆவணமில்லாதவர்களின் குடும்பங்களுக்கும் அந்த நிதி திறந்திருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

அதைவிடப் பெரிய தவறு காற்றில் இருந்தது. தாக்குதல் நடந்த ஒரே வாரத்தில், 2001 செப்டம்பர் 18 அன்று, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் கிறிஸ்டின் டாட் விட்மன் அங்குள்ள காற்று சுவாசிக்கத் தகுந்தது என்று அறிவித்தார். ஆஸ்பெஸ்டாஸ், சிமெண்ட், கண்ணாடித் தூள், ஈயம் எல்லாம் கலந்த புழுதியில் மாதக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரல் நோயும் புற்றுநோயும் வந்தன. தாம் சொன்னது தவறு என்று விட்மன் 2016-ல் ஒப்புக்கொண்டார். நோயாளிகளுக்கு மருத்துவமும் நிதியும் தரும் சாட்ரோகா சட்டம் கையெழுத்தானது 2011 ஜனவரியில்; சட்டத்துக்குப் பெயர் தந்த போலீஸ்காரர் ஜேம்ஸ் சாட்ரோகா இறந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கும் காலக்கெடு வைத்தார்கள்; கெடு நெருங்கும்போதெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டரோடு வாஷிங்டன் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது.

2019 ஜூன் 11 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் ஓய்வுபெற்ற துப்பறிவாளர் லூயிஸ் அல்வாரெஸ் சாட்சி சொன்னார். மறுநாள் அவருக்கு 69-வது கீமோதெரபி. உறுப்பினர்களின் நாற்காலிகள் பல காலியாகக் கிடந்தன. பக்கத்தில் இருந்த நகைச்சுவைக் கலைஞர் ஜான் ஸ்டூவர்ட் அந்த நாற்காலிகளைக் காட்டிக் கோபத்தில் வெடித்தார். அந்தக் காணொலி நாடெங்கும் பரவிய பிறகுதான் இழப்பீட்டு நிதியை நீட்டிக்கும் மசோதா நகர்ந்தது. ஜூன் 29 அன்று அல்வாரெஸ் இறந்தார். ஜூலை 29 அன்று சட்டம் கையெழுத்தானது.

அதே ஆண்டு மே மாதம் நினைவிட வளாகத்தில் ஆறு பெரிய கற்களை நிறுத்தினார்கள். புழுதியால் நோயுற்றவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் உரியவை. அவற்றில் பெயர்கள் இல்லை. எழுதத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? தீயணைப்புத் துறையில் மட்டும் நோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை 2023 செப்டம்பரில் 343-ஐ எட்டியது. தாக்குதல் நாளில் அந்தத் துறை இழந்த அதே எண்ணிக்கை. பெயர்களை அடுக்குவதில் காட்டிய கவனத்தில் பாதியை, அப்போது உயிரோடு இருந்தவர்களிடம் காட்டியிருந்தால் இந்தக் கணக்கில் எத்தனையோ பேர் குறைந்திருப்பார்கள்.

இழப்பீட்டு நிதிக்கு விண்ணப்பிக்க 2019 சட்டம் நிர்ணயித்திருக்கும் கடைசி நாள் 2090 அக்டோபர் 1.